ஒரே படம், வேறு வேறு நிறம்



பழைய வண்ணப் படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அதே படத்தைப் பிள்ளைகள் கைப்பேசியில் போட்டுக் காட்டுகிறார்கள். கதாநாயகியின் சேலை ஒன்றில் குங்குமச் சிவப்பு, மற்றதில் செங்காவி. “பழைய படம், சாயம் போய்விட்டது” என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். சாயம் போவது உண்டுதான். ஆனால் எல்லாப் பழியையும் சாயத்தின்மேல் போட முடியாது.

முதலில் சாயத்தின் கதையைப் பார்ப்போம். 1932இல் அமெரிக்காவின் டெக்னிக்கலர் நிறுவனம் மூன்று நிறங்களையும் பதிவு செய்யும் காமிராவைக் கொண்டுவந்தது. உள்ளே வரும் ஒளியை ஒரு கண்ணாடிப் பட்டகம் பிரிக்கும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகள் மூன்று தனித்தனிக் கறுப்பு வெள்ளைச் சுருள்களில் பதியும். வேடிக்கையைப் பாருங்கள்: வண்ணப் படத்தின் மூலத்தில் வண்ணமே கிடையாது! திரையிடும் படியில்தான் சாயம் ஏற்றினார்கள். மூலத்தில் இருப்பது வெள்ளி. அது சாயம்போல் வெளுப்பதில்லை. சுருள் கெடாமல் இருக்கும் வரையில் அதிலிருந்து மறுபடியும் நல்ல நிறத்தில் படி எடுக்கலாம்.

1950இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் ஈஸ்ட்மன்கலர் வந்தது. ஒரே சுருளில் மூன்று நிறமும் பதியும். சாதாரணக் காமிராவே போதும். உலகமெங்கும் பரவியது. ஆனால் சாயம் மூலச் சுருளிலேயே தங்கியது. பல படிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து, படம் முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டது.

தொலைக்காட்சி வேறு வழியில் சென்றது. 1953இல் அமெரிக்காவில் வண்ண ஒளிபரப்பு முறை ஒன்று அங்கீகாரம் பெற்றது. வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகக் கூடாதல்லவா? ஆகவே வெளிச்சத்தை முழுதாகவும், நிறத்தைத் தனியே குறுக்கியும் அனுப்பினார்கள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுட்பமாகக் காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகக் காணாது. அந்தப் பலவீனத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். 1978 டிசம்பரில் மலேசியாவுக்கு வந்த வண்ணத் தொலைக்காட்சியும் இதே ஏற்பாட்டில் அமைந்ததுதான்.

பின்பு நிறம் எண்ணாக மாறியது. வெளிச்சத்தை 1000 பங்காகக் கொண்டால், 1982இன் உலகப் பொது விதி சிவப்புக்கு 299, பச்சைக்கு 587, நீலத்துக்கு 114 பங்கு கொடுத்தது. உயர் தெளிவுத் தொலைக்காட்சிக்கு 1990இல் வந்த விதியில் அவை ஏறத்தாழ 213, 715, 72. ஒரு விதியில் எழுதியதை மற்றொன்றில் படித்தால் என்ன ஆகும்? ராத்தலில் எழுதிய கணக்கைக் கிலோ என்று படித்த கதைதான். பழைய விதியில் எழுதி, புதியதில் படித்தால் சிவப்பு சற்றே ஆரஞ்சுப் பக்கம் சாயும், பச்சை மங்கும். எந்த விதி என்ற குறிப்பு கோப்பில் இல்லாவிட்டால், கருவி படத்தின் அளவைப் பார்த்து ஊகம் செய்யும். சேலை செங்காவியாவது பெரும்பாலும் இங்கேதான். மூலத்தில் ஒரு குறையும் இல்லை.

இந்த எண்களை மூட்டை கட்டும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264 மிகச் சிறிதாகக் கட்டும். வழக்கமான வடிவில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறக் குறிப்பு. ஒவ்வோர் அளவுக்கும் 256 படிகள். அந்தி வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு தெரிவது இதனால்தான். 2007இல் ஆப்பிள் வெளியிட்ட புரோரெஸ் இரண்டு புள்ளிக்கு ஒரு நிறக் குறிப்பு வைத்தது. 1024 படிகள் கொண்டது. கோப்போ மிகப் பெரிது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். நிறத்தைத் திருத்தி மறுபடி மூட்டை கட்டும்போதுதான் சிறியது தன் ஏழ்மையைக் காட்டும்.

ஆகவே, கல்யாண ஒளிநாடாவைக் கடையில் கொடுத்து மாற்றும்போது, கைப்பேசிக்கான சிறு கோப்போடு பெரிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். நாடாவையும் திரும்பப் பெறுங்கள். நிறம் மாறித் தெரிந்தால், முதலில் வேறொரு கருவியில் போட்டுப் பாருங்கள்.