பதிவேட்டில் நீங்காத பெயர்கள்

(கல்லறைத் திருநாளையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. வாசகம்: லூக்கா 13:1-5)

 

நவம்பர் மாதம் வந்துவிட்டால் நமக்குக் கல்லறைத் தோட்டத்தில் வேலை இருக்கிறது. முட்செடிகளை வெட்டுகிறோம். சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். சாமந்திப் பூவும் மெழுகுதிரியும் ஊதுபத்தியும் வாங்கி வைக்கிறோம். கல்லறைகள் மந்திரிக்கப்படுகின்றன. திருப்பலிக் கருத்துக்காகச் சிறு தாள்களில் பெயர் எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் தாள்களில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அகாலத்தில் போன தம்பி என்று குடும்பத்துப் பெயர்களே நிறைந்திருக்கும். ‘என்னோடு ஏழாம் வகுப்பில் படித்தவன்’ என்றோ, ‘எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சர்’ என்றோ, ‘எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மா’ என்றோ ஒரு பெயர் வருவது அரிது.

பள்ளியும் ஒரு குடும்பம் என்று ஆண்டு விழா மேடைகளில் சொல்கிறோம். அப்படியானால் அந்தக் குடும்பத்தில் இறந்தவர்கள் யாருடைய இறந்தவர்கள்? ஒரு பிள்ளை இறந்துபோனால் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் நீக்கப்படும். அடுத்த மாதம் வரிசை எண்கள் மாறும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கொஞ்ச நாள் அழுவான். மூன்று நான்கு ஆண்டுகளில் அந்த வகுப்பே கலைந்துவிடும். பதிவேடு அப்படித்தான் நடந்துகொள்ள முடியும். திருச்சபை அப்படி நடந்துகொள்ளக்கூடாது.

இறந்தவர்களை நினைப்பது நம் விசுவாசத்தில் நேற்று வந்த பழக்கமன்று. போரில் மடிந்த வீரர்களுக்காக யூதா மக்கபே தம் ஆள்களிடம் பணம் திரட்டி, ஏறத்தாழ 2000 வெள்ளி திராக்மாவை எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்பினார் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது. 387-ஆம் ஆண்டில் இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்துகொண்டிருந்த புனித மோனிக்கா, தம் உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில்தான் தம் பிள்ளைகளிடம் வேண்டினார். பழங்காலத் திருச்சபையில், வாழ்வோர் பெயர்களையும் இறந்தோர் பெயர்களையும் மடிப்புப் பலகைகளில் எழுதி வைத்துத் திருப்பலியில் வாசித்தார்கள். 998-ஆம் ஆண்டையொட்டி, குளூனி மடத்தின் தலைவர் புனித ஓடிலோ தம் துறவற இல்லங்களில் நவம்பர் 2-ஆம் நாளை இறந்த விசுவாசிகள் அனைவருக்குமான நாளாக ஏற்படுத்தினார். அதுவே பரவி இன்று நம் ஊர்க் கல்லறை வரை வந்திருக்கிறது.

இந்த நாளில் நம் மாவட்டத்து மண்ணில் இறந்துபோன மூன்று மாணவியரை நினைக்க உங்களை அழைக்கிறோம். கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா. கோகிலவாணி நாமக்கல்லைச் சேர்ந்தவர். காயத்ரி விருத்தாசலத்துப் பெண். ஹேமலதா சென்னைப் பெண். மூவரும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அவர்கள் நம் மறையைச் சேர்ந்தவர்களா என்று கேட்டு அதன்பிறகு செபிக்கிற வழக்கம் நமக்கு வேண்டாம். கடவுளின் பிள்ளைகள், நம் சாலையில் வந்தவர்கள் என்பது போதும்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2. நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் அது ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. மெழுகுதிரிகளை மந்திரித்து, ஒளியேந்திப் பவனி வருகிற நாள். அந்த நாளில்தான் கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை விதித்துச் சென்னை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தி பரவியதும் பல ஊர்களில் மறியல் நடந்தது. தருமபுரி நகரையொட்டிய இலக்கியம்பட்டியிலும் சாலை மறிக்கப்பட்டது. கல்விச் சுற்றுலா வந்திருந்த வேளாண் மாணவ மாணவியரின் பேருந்துகள் அந்த நெரிசலில் நின்றன. மாணவியர் இருந்த பேருந்துக்குத் தீ வைத்தார்கள். பின்னால் மற்றொரு பேருந்தில் இருந்த மாணவர்கள் ஓடிவந்து, கண்ணாடிகளை உடைத்துத் தோழியரை வெளியே இழுத்தார்கள். பலர் பிழைத்தார்கள். மூன்று பேரை எடுக்க முடியவில்லை.

தருமபுரியிலிருந்து கோவைக்குத் திரும்புகிறவர்கள் நம் தொப்பூர்க் கணவாய் வழியாகப் போவதுதான் வழக்கம். அந்த மூவருக்கும் அந்தப் பயணம் வாய்க்கவில்லை. இருந்திருந்தால் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். கேழ்வரகும் மாவும் விளைகிற இந்த வறண்ட மாவட்டத்தில், வேளாண் அலுவலர்களாக நம் உழவர்களிடம் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எந்தத் தீர்ப்புக்காகப் பேருந்து எரிந்ததோ, அந்தத் தீர்ப்பு 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் ரத்தாகி, ஜெயலலிதா விடுதலை செய்யப்பட்டார். ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் கோபத்துக்குக் காரணமே இல்லாமல் போயிற்று. மூன்று வீடுகளில் அழுகை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த விழா நாளின் நற்செய்தியில் முதியவர் சிமியோன் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்துகிறார். பிறகு தாய் மரியாவைப் பார்த்து, உம் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்ற பொருளில் பேசுகிறார். பிள்ளையைக் காணிக்கை கொடுக்க வந்த தாய்க்கு அப்படியொரு சொல். மூன்று தாய்மார் அன்று அதைச் சொல்லாகக் கேட்கவில்லை, தங்கள் உடம்பிலேயே அறிந்தார்கள்.

இன்னொரு தேதியையும் சொல்லியாக வேண்டும். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நமக்கு அது கார்மேல் அன்னையின் விழா. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ, மாடியில் கீற்றுக் கூரை வேய்ந்த வகுப்பறைகளுக்குத் தாவியது. படிக்கட்டு குறுகல். வெளியேற வேறு வழியில்லை. 94 குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் படங்களைப் பள்ளியின் முன்பாக வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றுகிறார்கள்.

இப்போது நற்செய்திக்கு வருவோம். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் சிலர் ஒரு செய்தி கொண்டு வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்கிறார்கள். இயேசு அதைக் கேட்டுவிட்டு, தாமாகவே இன்னொரு செய்தியைச் சேர்க்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்களே, அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்கிறார்.

முதலாவது, மனிதர் கை செய்த கொலை. இரண்டாவது, கட்டடம் விழுந்து வந்த சாவு. இலக்கியம்பட்டியும் கும்பகோணமும் போல இரண்டையும் இயேசு பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். வைத்துவிட்டு, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார்.

நம் ஊரில் சாவு வீட்டுத் திண்ணையில் என்ன பேசுகிறோம்? ‘விதி முடிஞ்சிடுச்சு’, ‘அவங்க தலையெழுத்து’, ‘பெத்தவங்க என்ன பாவம் செஞ்சாங்களோ’. ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டே சொல்கிறோம். கேட்கிற தாய்க்கு அது இன்னொரு வாள். சீலோவாமில் இறந்த பதினெண்மர் மேல் விழுந்த அந்தப் பழியை இயேசு துடைத்தார். இறந்த பிள்ளைகளை நினைக்கிறவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். தீ வைத்தது விதியன்று, மனிதர்கள். கீற்றுக் கூரையின் கீழ் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்ததும் தலையெழுத்தன்று.

அதோடு இயேசு நிறுத்தவில்லை. மனம் மாறாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று உயிரோடிருக்கிறவர்கள் பக்கம் திரும்புகிறார். இறந்தவர்கள் ஏன் இறந்தார்கள் என்று ஆராய வந்தவர்களிடம், நீங்கள் எப்படி வாழப்போகிறீர்கள் என்று கேட்கிறார். இறந்தவர்களை நினைவுகூர்வதில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் இருக்கிறது.

இங்கே கடினமான ஒன்றையும் நாம் பேசாமல் விடக்கூடாது. பேருந்து எரிப்பு வழக்கில் 2007-ஆம் ஆண்டில் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும், 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2016-ல் மறுஆய்வின்போது, கூட்ட வெறியில் நடந்தது, முன்கூட்டித் திட்டமிட்டதன்று என்பதைக் கருதி உச்ச நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மூவரும் விடுவிக்கப்பட்டார்கள். அதே 2018 ஆகஸ்டில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2267-ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை மனித மாண்புக்கு எதிரானது, ஏற்கத்தக்கதன்று என்று அறிவிக்கச் செய்திருந்தார்.

மூன்று உயிர்கள் தூக்குக்குத் தப்பியதில் திருச்சபையின் பிள்ளைகளாக நாம் நிம்மதி அடையத்தான் வேண்டும். ஆனால் அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு பெற்றோரிடம் போய், ‘மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள்’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மன்னிப்பு அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் சார்பில் நாம் அதை வழங்க முடியாது. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களோடுதான் சீடர்களுக்குக் காட்சி தந்தார். பேதுருவை ஏற்றுக்கொண்டபோதும், நீ என்னை மறுதலித்தது நடக்கவே இல்லை என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. மும்முறை மறுத்தவரிடம் மும்முறை கேட்டார். இரக்கம் காட்டுகிற சமூகத்துக்கு நினைவு இன்னும் கூடுதலாக வேண்டும். நினைவில்லாத இரக்கம் இறந்தவர்களை இரண்டாம் முறை கைவிடுவதாக ஆகிவிடும்.

கும்பகோணத்துப் பெற்றோர் தீர்ப்புக்காகப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. இடையில் 2009-ல், அந்தத் தீ விபத்தை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கற்கும் உரிமையையும் சேர்த்தது என்று சொல்லி, நாடெங்கும் பள்ளிகளில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இன்று நம் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறையில் சிவப்பு நிறத் தீயணைப்பான் ஒன்று தொங்குகிறதென்றால், அது 94 பிள்ளைகள் விட்டுச் சென்றது. அதில் தூசி படிந்திருந்தால், காலாவதித் தேதி கடந்திருந்தால், நாம் அவர்களை மறந்துவிட்டோம் என்று பொருள்.

ஆகவே, அன்பானவர்களே, இந்த நவம்பரில் சிலவற்றைச் செய்வோம். திருப்பலிக் கருத்துத் தாளில் குடும்பத்துப் பெயர்களுக்குக் கீழே, நாம் படித்த பள்ளியிலிருந்து ஒரு பெயரையாவது எழுதுவோம். ஆசிரியராக இருக்கலாம். மணி அடித்த காவலாளியாக, சத்துணவு சமைத்தவராக, பாதியில் போய்விட்ட வகுப்புத் தோழனாக இருக்கலாம். அவர்களுடைய பெற்றோரோ பிள்ளைகளோ இன்னும் அதே ஊரில் இருந்தால், ஒரு நாள் போய்ப் பார்த்து, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வோம். பிள்ளையை இழந்த தாய்க்குத் தன் பிள்ளையின் பெயரைப் பிறர் சொல்லக் கேட்பது பெரிய ஆறுதல். பெற்றோராக இருக்கிறவர்கள், பிள்ளை ஏறும் வேனில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளியின் பின்வாசல் பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். இளைஞர்களே, நாளை ஏதோவொரு கொடிக்காக, ஏதோவொரு தலைவருக்காக யாராவது உங்களைச் சாலைக்கு அழைத்தால், நிற்கிற பேருந்தின் ஜன்னலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள். கூட்டத்தில் கை ஓங்கியவனிடம் கடவுள் கூட்டத்தைப் பற்றிக் கேட்கமாட்டார். காயினிடம் கேட்டதுபோல, உன் சகோதரன் எங்கே என்றுதான் கேட்பார்.

தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன், என் உள்ளங்கையில் உன்னைப் பொறித்து வைத்திருக்கிறேன் என்ற உறுதியை எசாயா வழியாக ஆண்டவர் தந்திருக்கிறார். நம் பதிவேட்டில் நீக்கிய பெயர்கள் அந்தக் கையில் இருக்கின்றன.

செபிப்போம். ஆண்டவரே, இலக்கியம்பட்டியில் இறந்த உம் மகள்கள் கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதாவையும், கும்பகோணத்தில் இறந்த 94 குழந்தைகளையும், எங்களோடு படித்தும் எங்களுக்குக் கற்பித்தும் எங்களுக்காக உழைத்தும் உம்மிடம் வந்த எல்லாரையும் உம் ஒளியில் சேர்த்துக்கொள்ளும். அவர்களைப் பெற்றவர்களின் கண்ணீரைத் துடையும். தீங்கு செய்தவர்களுக்கு மனமாற்றம் தாரும். எங்கள் பிள்ளைகள் காலையில் போன பள்ளியிலிருந்து மாலையில் பத்திரமாக வீடு திரும்ப, எங்களை விழிப்பாய் இருக்கச் செய்யும். ஆமென்.