பூசணிக்காயில் பழகிய கை

ஆஸ்பத்திரி ஆட்கள் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பயிற்சி எடுக்கும் படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்காக இது.

சுஸ்ருத சங்கிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கத்தி பிடிக்கப் பழகுபவன் முதலில் பூசணி, சுரை, வெள்ளரியை வெட்டவேண்டும். தையலுக்குத் தடித்த துணி, கட்டுப்போட ஆளளவு பொம்மை. உடம்பில் புதைந்ததைப் பிடுங்கி எடுக்க? நம் பலாப்பழம்தான்! எவ்வளவு படித்திருந்தாலும் கைபழகாதவன் சிகிச்சைக்கு உதவான் என்கிறது அந்நூல்.

கலீபா ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் (786–809) வசீர் யஹ்யா இப்னு காலித், மன்கா என்ற இந்திய வைத்தியரைக் கொண்டு இதை அரபிக்குக் கொண்டுவந்தார். பக்தாத் ஆஸ்பத்திரிக்காகவே அந்த வேலை நடந்தது.

1960இல் நோர்வேயில் விளையாட்டுப் பொம்மை செய்துவந்த ஒஸ்முண்ட் லேர்டால், மூச்சூட்டிப் பழக 'ஆன்' என்ற பொம்மையைச் செய்தார். இன்று தாதிமாரும் டொக்டர்மாரும் பழகுவது அதன் வாரிசுகளில்.

1990 அம்புலன்ஸ் 2018 யூலையில் யாழ்ப்பாணம் வந்தது. (அந்த இலக்கம் சோனகத்தெருவுக்கு நினைவூட்டுவது வேறு.) ஆனால் இதயம் நின்றால் மூளை தாங்குவது சில நிமிடங்களே. அதுவரை நிமிடத்துக்கு 100–120 தடவை, 5 சென்டிமீற்றராவது ஆழமாக நெஞ்சை அழுத்த வீட்டில் ஒருவர் வேண்டும். 5 சென்டிமீற்றர் எவ்வளவு என்று கைக்கு எப்படித் தெரியும்? பல பொம்மைகளில் சரியான ஆழத்தைத் தொட்டதும் 'டிக்' என்று சத்தம் கேட்கும்.