களத்துமேட்டுக் கணக்கும் கைப்பிடி அரிசியும்



2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்ததையும், அவ்வருடத் தீபாவளிக்குப் பின் நம் பகுதி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களில் விஸ்வநத்தத்தில் வீடு சந்திப்புக்குச் சென்றபோது ஒரு சகோதரி என்னிடம் ஒரு கணக்குக் கேட்டார். அவர் தையல் அறிந்தவர். அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் மாலைதோறும் இவருடைய மகனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். இவர் அதற்கு ஈடாக அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார். இருவர் கையிலும் காசில்லை. "ஒரு சீருடைக்கு எத்தனை நாள் பாடம், ஐயா? நான் குறைவாகக் கொடுத்துவிட்டேனோ என்று மனம் உறுத்துகிறது" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் பழைய நூல்கள் சிலவற்றைப் புரட்டினேன்.

நம் கரிசல் சீமையில் பணம் அருகியிருந்த காலத்தில் வேலைக்கு வேலையும், வேலைக்குத் தானியமும் கொடுத்து வாங்குவதே வழக்கம். கொல்லர் வருடம் முழுவதும் ஏரின் கொழுவைக் காய்ச்சிக் கூராக்கினார். தச்சர் கலப்பையையும் வண்டியையும் செப்பனிட்டார். துணி வெளுப்பவரும், முடி திருத்துபவரும், பானை வனைபவரும் அப்படியே. அறுவடையன்று களத்துமேட்டில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் கம்போ சோளமோ நெல்லோ அளந்து கொடுக்கப்பட்டது. முதியவர்கள் இதை ஏக்கத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்நாளில் யாரும் பட்டினி கிடக்கவில்லை என்பார்கள். அந்த ஏக்கத்தை முழுவதுமாக ஏற்க எனக்கு இயலவில்லை. வட இந்தியாவில் மிஷனெரியாகப் பணியாற்றிய வில்லியம் வைசர் என்பவர், தாம் வாழ்ந்த ஒரு கிராமத்தில் இதே போன்ற ஏற்பாட்டைக் கவனித்து 1936இல் நூலாக வெளியிட்டார். யார் யாருக்கு என்ன வேலை செய்தார், எவ்வளவு தானியம் பெற்றார் என்று வரிசையாகக் காட்டும் நூல் அது. அதை வாசிக்கையில், ஒருவர் செய்யும் தொழிலை அவருடைய பிறப்பு தீர்மானித்தது என்பதை மறக்க முடியாது. நம் களத்துமேட்டிலும் மரக்காலைப் பிடித்திருந்த கை எப்போதும் நிலமுடையவரின் கைதான். பெற்றவர் குறைவென்று சொல்ல இடமில்லை. வேண்டாம் என்று விலகவும் இடமில்லை.

மழை பொய்த்தபோது இந்த ஏற்பாடு என்னவாயிற்று என்று கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லிவந்தார்கள். களம் வெறுமையானால் கொல்லருக்கு அளக்கத் தானியம் ஏது? உழவே நின்றபின் கொழுவைக் கூராக்கச் சொல்பவர் யார்? நெசவாளர் நெய்த துணியை வாங்க ஆளில்லை. கையில் தொழில் இருந்தும் அதை ஏற்றுக்கொள்ள எவருமில்லாத நிலை அது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில் இதைத்தான் விளக்கினார்: தானியம் குறைவதால் மட்டும் மனிதர் மடிவதில்லை, தன் உழைப்பைத் தானியமாக மாற்றிக்கொள்ளும் வழி அடைபட்டவரும் மடிகிறார்.

அப்பஞ்சத்தில் அரசும் வேலைக்குத் தானியக் கணக்கில் நிவாரணம் கொடுத்தது. சென்னையருகே பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்விதமாக வெட்டப்பட்டது. ஆனால் அளவு? 1877இல் சர் ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். மண் சுமந்தவனுக்கு அது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அளவை விதித்தவர் அதை உண்டு பார்க்க வேண்டியதில்லை அல்லவா! நம்மில் தீப்பெட்டியும் பட்டாசும் குரோஸ் கணக்கில் செய்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி வேறொரு அளவைக் காட்டுகிறேன். அது நம் பக்கத்து ஊரில் தோன்றியது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள், 19ஆம் நூற்றாண்டில் அவமதிப்பையும் வழித் திருட்டையும் எதிர்கொள்ள உறவின்முறை என்ற அமைப்பைக் கட்டினார்கள். வண்டிகள் தங்கப் பேட்டைகள் எழுந்தன. விற்ற சரக்கின்மேல் சிறு தொகையை மகமை என்று பொதுவில் சேர்த்தார்கள். அந்தப் பொதுப்பணத்தில் கிணறுகளும் கோயில்களும் பள்ளிகளும் உண்டாயின. 1885இல் விருதுநகரில் க்ஷத்ரிய வித்யாசாலா தொடங்கப்பட்டது. அப்பள்ளிக்காக வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். பிடி அரிசிப் பள்ளி என்றே பேர் பெற்றது. பின்னாளில் முதலமைச்சரான காமராஜர் அங்கே படித்தவர். ஓர் உறவின்முறை தன்னவர்க்கு மட்டுமே கதவு திறக்கும் என்பது அந்த அமைப்பின் குறை. எனினும் அப்பள்ளி மற்ற சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.

இங்கே மரக்கால் இல்லை, ராத்தல் இல்லை. கொடுப்பவளின் கையே அளவு. பெரிய கைக்குப் பெரிய பிடி, சிறிய கைக்குச் சிறிய பிடி. நம் சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை இருப்பதை அறிவீர்கள். அதன் பொருளை நான் இவ்வளவு நாள் யோசித்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முகமறியாதவர்களிடையே கையளவு செல்லுமா? அர்ஜென்டினாவில் 1995இல் பெர்னால் என்ற ஊரில் சிலர் கூடிப் பண்டமாற்றுச் சங்கம் தொடங்கினார்கள். ரொட்டி சுட்டவர் ரொட்டி கொடுத்தார், முடி வெட்டத் தெரிந்தவர் முடி வெட்டினார். 2001இல் நாட்டின் வங்கிகள் முடங்கியபோது திரளான ஜனங்கள் அச்சங்கங்களில் சேர்ந்தார்கள். அவர்களுக்குள் புழங்கிய சீட்டுகளைக் கள்ளத்தனமாய் அச்சடித்தவர்கள் பெருகவே, 2002இல் பெரும்பாலான சங்கங்கள் குலைந்தன. ஒருவரையொருவர் அறிந்திருந்தவரை அது நடந்தது.

கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளிடத்தில் தங்கியதை அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர்களோ ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். மூவருக்கும் கூடாரத் தொழில் ஒன்றே. தங்கியதற்கு எத்தனை கூடாரம் தைத்தார் என்று லூக்கா எழுதவில்லை.

ஆலைகள் திறந்தபின் அந்தச் சகோதரியின் வீட்டுக்கு மறுபடியும் போனேன். சுவரில் நம் சிவகாசியில் அச்சான மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. பாடம் நடந்த நாட்களில் நீலக் கோடு, தைத்துக் கொடுத்த நாட்களில் சிவப்புக் கோடு. சனிக்கிழமைதோறும் இருவரும் அதன்முன் நின்று, இந்த வாரம் சரியா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். கடைசியில் பாக்கி யார்மேல் நின்றது என்று கேட்டேன். தன்மேல்தான் என்றார். திரும்பும் வழியில் அந்த ஆசிரியைப் பெண்மணியையும் பார்த்தேன். அவரும் தன்மேல்தான் என்றார்.