பெட்டியடிப் பையனும் கட்டண வகுப்பும்

ரங்கூன் முகல் தெருவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகளில் ஒரு கடைக்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகச் சிறியது. உட்கார்ந்து எழுத ஒரு மேசைப்பெட்டி, பூட்டி வைக்க ஒரு பெட்டகம், கணக்கேடுகள். அந்தப் பெட்டியடியில் சின்ன வயதிலேயே கொண்டுபோய் உட்காரவைக்கப்பட்டவன்தான் பெட்டியடிப் பையன். ஊர்த் திண்ணையிலேயே முந்திரி, காணி, மா என்று கீழ்வாய் இலக்கம் மனப்பாடமாகியிருக்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. வட்டிக் கணக்கை வாயாலேயே போட்டுவிட இது போதும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது மட்டும் எந்தச் சுவடியிலும் கிடையாது. குறிப்பு எழுதுவது, பேரேட்டில் பெயர்ப்பது, கடுதாசி கொண்டுபோவது, வசூலுக்குப் போகிறவர் பின்னால் நடப்பது என்று வருஷங்கள் போகும். பிறகு அடுத்தாள், அதன் பிறகு முதலாளியின் பேரில் கடையையே நடத்துகிற மேலாள். வெளிநாட்டு ஒப்பந்தம் வழக்கமாக மூன்று வருஷம். சம்பளத்தில் ஒரு பகுதி கப்பலேறும் முன்பே கைக்கு வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது பணம் ஓடிய திசை. கற்பவன் கொடுக்கவில்லை, வாங்கினான். அவன் செய்த தப்பு முதலாளியின் ஐந்தொகையில் ஏறியது. எனவே அவனைத் தேற்றி எடுப்பதில் கற்பிப்பவனுக்கு நேரடி நலன் இருந்தது. அறிவும் மூலதனமும் ஒரே பெட்டியடியில் கிடந்தன எனலாம்.

திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில், காதுகுத்து பேனர்களுக்கு நடுவே, பங்குச்சந்தைப் பயிற்சி விளம்பரங்கள் தொங்குவதைப் பார்க்கிறேன். அரக்கோணம் போய் ரயில் மாறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிற பையன்களுடைய போன்களில் மெழுகுவர்த்தி மெழுகுவர்த்தியாகச் சிவப்பும் பச்சையும். நெசவாளர் குடும்பத்திலிருந்து வந்த, எனக்குத் தெரிந்த ஒருவன் இரண்டு மாசச் சம்பளத்தைக் கட்டணமாகக் கட்டி ஒரு 'மென்டார்' பிடித்திருந்தான். ''சார், இது சூதாட்டம் இல்ல, ஸ்கில்லு. தறி மாதிரி, கை பழகணும்'' என்றான். தறி என்று அவன் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. நூறு பேருக்கு நெசவு கற்றுக்கொடுத்தால் நூறு பேரும் நெய்யலாம். ஒருவன் சேலை இன்னொருவன் சேலையை அறுப்பதில்லை. எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களின் சந்தையில் ஒருவன் லாபம் இன்னொருவன் நஷ்டம். தரகும் வரியும் அதற்கு மேல். நூறு பேரும் நன்றாகக் கற்றாலும் நூறு பேரும் ஜெயிக்க வழியில்லை. 'கற்றால் வரும்' என்கிற வாக்கியம் தறிக்குப் பொருந்துகிற மாதிரி இதற்குப் பொருந்தாது. வாணிபம், வியாபாரம், லேவாதேவி என்று சரக்கோ ஆளோ எதிரே இருந்த சொற்களை விட்டுவிட்டு 'டிரேடிங்' என்று நாம் சொல்ல ஆரம்பித்ததும் தற்செயல் இல்லை.

சரக்கு எதிரே இருக்கிற வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஊருக்கு வாருங்கள். புஷ்பக் காவடிக்குப் பூ விற்கிற அம்மாக்கள் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே மூச்சில் பேரம் பேசுகிறார்கள். பொழுது சாயச் சாய விலையை எப்போது இறக்குவது என்பது அவர்களுக்குத் தெரியும். மீந்த பூ வாடிப்போகும். பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுக்கிற பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் யாருக்கும் பீஸ் கட்டவில்லை.

வியாபாரியை உருவாக்க முடியும் என்பதற்குப் பயிற்சிக்காரர்கள் எல்லாரும் காட்டுகிற சான்று ஒன்று உண்டு. 1983இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் முடியும் என்றார், அவர் கூட்டாளி வில்லியம் எக்கார்ட் முடியாது என்றார். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, வந்தவர்களில் சிலரைப் பொறுக்கி, இரண்டு வாரம் போல விதிகள் சொல்லிக்கொடுத்தார்கள். விலை 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கு, ஏற்ற இறக்கத்தின் அளவைப் பார்த்துப் பந்தயத்தைச் சுருக்கு என்கிற மாதிரி எளிய விதிகள். 'ஆமைகள்' என்று பேர் பெற்ற இவர்களில் பலர் பெரிய லாபம் பார்த்தார்கள். இந்தக் கதையாடலில் அமுக்கப்படுகிற விவரம்: ஆமைகள் கட்டணம் கட்டவில்லை. டென்னிஸ் தன் சொந்த மூலதனத்தை அவர்கள் கையில் கொடுத்தார். சிகாகோவில் நடந்ததும் பெட்டியடிதான். அந்த ஆசானே 1987, 88இல் பெருநஷ்டப்பட்டுக் களத்தைவிட்டு விலகினார் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

கட்டண வகுப்பில் திசை தலைகீழ். 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பேரில் இயங்கிய ஒரு பயிற்சியாளர் மீது 2023 அக்டோபரில் செபி பிறப்பித்த இடைக்கால ஆணை ஒரு வகைமாதிரி. பாடம், ஆலோசனை என்று திரட்டியதாகக் கணக்கிட்டு முடக்கச் சொன்ன தொகை சுமார் 17 கோடி ரூபாய். அதே காலத்தில் சந்தையில் அவர் சொந்தக் கணக்கு கோடிக்கணக்கில் நஷ்டம் என்றது அந்த ஆணை. ஆசிரியரின் வருமானம் சந்தையிலிருந்து வரவில்லை, மாணவனிடமிருந்து வந்தது. மாணவன் தோற்றாலும் ஆசிரியரின் ஐந்தொகை கலைவதில்லை. 'மனப்பக்குவம் போதவில்லை' என்று அடுத்த நிலை வகுப்புக்கு அனுப்பிவிடலாம்.

ஆனால் இதைச் சொல்லிப் பழைய பெட்டியடியைப் போற்றிப் பாடுவது அபாயம். அந்தப் பெட்டியடிக்கு வாசல் ஒன்றே ஒன்று, சாதி. நெசவாளர் பிள்ளைக்கோ சேரிப் பிள்ளைக்கோ அங்கே பாய் விரிக்கப்படவில்லை. காசைக் கட்டினால் யாரும் உள்ளே வரலாம் என்கிற கட்டண வகுப்பின் வாக்குறுதியில் ஜனநாயகத்தின் வாசனை இருக்கிறது. அதனால்தான் அது எங்க ஊர்ப் பையன்களைப் பிடிக்கிறது. இதைப் 'பேராசை' என்று ஒரே சொல்லில் தள்ளுகிற நடுத்தர வர்க்க அறவியலோடு எனக்கு உடன்பாடில்லை. இன்னொன்று, பெட்டியடிக் கல்வியின் செலவை வேறு யாரோ கட்டினார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் 6 சதவீதம். 1937இல் அது 25 சதவீதம். பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகள் இழந்த நிலம் அது. தலைமுறை தலைமுறையாகக் கற்ற வியாபாரிகளுக்கும் அந்தச் சரிவு முன்கூட்டித் தெரியவில்லை. அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது நிலம். பிறகு யுத்தமும் பர்மிய விடுதலையும் வந்து அந்த நிலமும் போயிற்று.

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2024ஆம் நிதியாண்டில் இவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குக் கீழே. 72 சதவீதத்துக்கு மேல் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள், அதாவது திருத்தணிகள். அதே 2024ஆம் நிதியாண்டில், செலவு கழிக்காத கணக்கில், தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகள் சுமார் 33,000 கோடியும் அந்நிய நிதி நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும் ஈட்டின. அந்த லாபத்தில் 95 சதவீதத்துக்கும் அதிகம் கணினி நிரல்கள் செய்த வர்த்தகத்திலிருந்து வந்தது. அந்த நிரல் எழுதுகிற அறைகளுக்குக் கட்டண வகுப்பு கிடையாது. ஐஐடி மாதிரி இடங்களிலிருந்து ஆள் பொறுக்கி, சம்பளம் கொடுத்து, கம்பெனிப் பணத்தைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார்கள்.