ஸ்டாண்டர்ட் கார்: சென்னைத் தொழிற்சாலையின் எழுச்சியும் முடிவும்

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டு, 1988இல் கார் உற்பத்தியை நிறுத்திய நிறுவனம். அதன் தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பகுதியில் இருந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசடரும் பம்பாயில் ஃபியட்டும் உருவாகிவந்த காலத்தில், இந்தியச் சாலைகளின் மூன்றாவது காரைச் செய்து அனுப்பியது இந்தத் தொழிற்சாலை. ஹெரால்ட், கஸல், ஸ்டாண்டர்ட் 2000 என்ற மூன்று வண்டிகளால்தான் இன்று அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் அங்கிருந்த பொறியாளர்கள் வண்டியைத் தங்கள் ஊருக்கு ஏற்பத் திருத்தக் கற்றதைச் சொல்பவை. மூன்றாவது வண்டியோடு நிறுவனத்தின் வாழ்வு முடிந்தது.

தாய் நிறுவனம் இங்கிலாந்தின் கொவன்ட்ரி நகரைச் சேர்ந்தது. 1903இல் ரெஜினால்ட் மாட்ஸ்லே அதைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் நொடித்துப்போயிருந்த ட்ரையம்ப் நிறுவனத்தை ஸ்டாண்டர்ட் வாங்கியது. நாளடைவில் வாங்கிய பெயரே வாங்கியவரின் பெயரை மறைத்துவிட்டது. 1961இல் இரண்டும் லேலண்ட் நிறுவனத்தின் குடையின் கீழ் போயின. 1963இல் பிரித்தானியாவில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் வருவது நின்றது. பிறந்த மண்ணில் மறைந்த அந்தப் பெயரைச் சென்னை மேலும் கால் நூற்றாண்டு காலம் சுமந்தது.

சென்னையில் யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் என்ற நிறுவனம் கொவன்ட்ரியுடன் கூட்டுச் சேர்ந்தது. தொடக்கத்தில் வான்கார்ட் என்னும் பெரிய காரைப் பெட்டிகளில் பாகங்களாக இறக்கிச் சென்னையிலேயே பொருத்தினார்கள். இப்படிப் பொருத்துவது மட்டுமே அன்று எல்லோரும் செய்த வேலை. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே பம்பாயில் அதைச் செய்துவந்தது. ஃபோர்டும் இந்தியாவில் பொருத்துசாலைகளை நடத்தியது. 1953இல் இந்தியச் சுங்கத்தீர்வை ஆணையம் ஒரு முடிவைப் பரிந்துரைத்தது: பாகங்களை உள்நாட்டிலேயே செய்யத் திட்டமில்லாதவர்கள் தொழிலை விட வேண்டும். இரு அமெரிக்க நிறுவனங்களும் கிளம்பின. திட்டம் காட்டிய சிலர் நிலைத்தார்கள். அவர்களுள் சென்னை ஸ்டாண்டர்டும் ஒன்று. ஒரு புது நிறுவனத்திற்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடைத்திருக்க முடியாது. ஆனால் அதே கொள்கைதான் பின்னாளில் அதன் கையையும் கட்டியது. எத்தனை வண்டி செய்யலாம், எந்த இயந்திரத்தை வரவழைக்கலாம் என்பது எல்லாமே டெல்லியின் உரிமத்தைச் சார்ந்திருந்தது.

1950களின் நடுவில் ஸ்டாண்டர்ட் எய்ட், டென், பிறகு பென்னன்ட் ஆகிய சிறு கார்கள் வந்தன. எளிய, நம்பத்தக்க வண்டிகள். நிறுவனத்தின் பெயரை வீட்டு வாசல்வரை கொண்டுசேர்த்தது அடுத்து வந்த வண்டி.

ஹெரால்ட்

ட்ரையம்ப் ஹெரால்ட் 1959இல் இங்கிலாந்தில் வெளியானது. அதன் தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அன்றைய புதிய கார்கள் உடலும் சட்டகமும் ஒன்றாய் இணைந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ தனிச் சட்டகத்தின் மேல், துண்டு துண்டாகச் செய்த உடலைப் போல்ட்டால் முடுக்கிய வண்டி. இது பழமைப் பற்றால் வந்ததல்ல. உடல் செய்துதந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டதால், வேறு வேறு சிறு ஆலைகளில் பகுதி பகுதியாகச் செய்து சேர்க்கும் வழியை ட்ரையம்ப் தேட வேண்டியிருந்தது. அந்த இக்கட்டுதான் சென்னைக்கு வசதியாயிற்று. ஒற்றை உடலை அச்சடிக்கும் மாபெரும் அழுத்தப் பொறிகள் இல்லாத தொழிற்சாலையிலும் ஹெரால்டைப் பொருத்த முடியும்.

1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் அது இந்தியாவில் வரத் தொடங்கியது. 948 சி.சி. இயந்திரம், இரண்டு கதவுகள். இதன் முன்பக்கத்தைத் திறப்பது ஒரு காட்சி. பானட் மட்டும் தூக்கப்படுவதில்லை. மட்கார்டுகள், விளக்குகள் எல்லாவற்றோடும் முகம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, கார்புரேட்டர் முதல் ஸ்டியரிங் வரை கையெட்டும் தூரத்தில் வைத்து வேலை செய்யலாம். ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். அம்பாசடர் முன்னும் பின்னும் போய்த் திணறும் சந்தில் ஹெரால்ட் ஒரே வெட்டில் திரும்பும்.

குறை இரண்டு இருந்தன. முன் சக்கரத்தைத் தாங்கும் திருகுமுனைக்குக் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது தயாரித்தவர்களின் விதி. கிரீஸ் அடித்தே பழகிய பணிமனைகளில் அங்கும் கிரீஸ்தான் போயிற்று. சிறுகச் சிறுகத் தேய்ந்த முனை ஒருநாள் ஒடியும். சக்கரம் மடிந்து வண்டி தரையில் குந்திவிடும். இரண்டாவது குறை பின் அச்சில். பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு அது. மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டைவில். வளைவில் வேகமாய்ப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இலங்கையில் மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் ஏறும் வீதி போன்ற கொண்டையூசி வளைவுகளில் இறங்கியவருக்கு இது எதை உணர்த்தும் என்று விளக்க வேண்டியதில்லை. சமதளத்திலும் தொல்லை உண்டு. குடும்பமே ஏறி அமர்ந்து, பின்னால் மூட்டைகளும் ஏறினால் வில் தாழ்ந்து சக்கரங்கள் சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாகும்.

சென்னைப் பொறியாளர்களின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. குறையைக் கொவன்ட்ரிக்கு எழுதிவிட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. 1968இல் ஹெரால்டின் மூன்றாம் வடிவத்தில் நான்கு கதவுகள் வைத்தார்கள். பிரித்தானிய ட்ரையம்ப் ஒருபோதும் செய்திராத ஹெரால்ட் அது. பின்னிருக்கைக்கு முதியவரும் சேலை உடுத்திய பெண்களும் முன்னிருக்கையை மடித்து நுழைந்து கஷ்டப்பட்ட நாட்டில், அந்த இரண்டு கதவுகள் சிறிய மாற்றமல்ல. 1970களின் தொடக்கத்தில் வந்த கஸல் அடுத்த படி. முகத்தை மாற்றி, ஊசலாடும் பின் அச்சை நீக்கி, லாரிகளிலும் மற்றக் கார்களிலும் மெக்கானிக்குகள் அறிந்திருந்த உறுதியான ஒற்றை அச்சைப் பொருத்தினார்கள். இந்தியாவிலேயே உருவெடுத்த முதல் கார் என்று கஸலைச் சொல்பவர்கள் உண்டு. அடித்தளம் ஹெரால்டுடையது என்பதால் அந்தப் பட்டத்தை முழுதாகக் கொடுக்க முடியாது. ஆனால் வாங்கிய வரைபடத்தைத் தன் மண்ணுக்கேற்ப மாற்றிய துணிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்து இந்தியக் கார் தொழிலில் அரிது.

ஆனால் இயந்திரம் அதே 948 சி.சி. இங்கிலாந்தில் ஹெரால்டின் இயந்திரம் 1147, 1296 என்று வளர்ந்தபோது சென்னைக் கஸல் 1959இன் இதயத்தோடேயே ஓடியது. 1970களின் எண்ணெய் நெருக்கடியும் தொழிலாளர் பிணக்குகளும் சேர்ந்தன. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கஸல் நின்றது. ஸ்டாண்டர்ட் 20 என்ற சிறு சுமைவண்டி மட்டும் தொடர்ந்து வந்தது. பள்ளி வேனாகவும் ஆம்புலன்ஸாகவும் அதைப் பலர் பார்த்திருப்பார்கள்.

இலங்கை வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் பழைய கார் பிரியர்கள் வைத்திருக்கும் ஹெரால்டுகள் பிரித்தானிய ட்ரையம்ப். நான்கு கதவுச் சென்னை வண்டிகளோடு அவற்றைக் குழப்பக் கூடாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இங்கும் கார் இறக்குமதியை நெரித்தது. 1970களில் தொழிலதிபர் உபாலி விஜேவர்தன ஃபியட், மஸ்தா கார்களை இங்கே பொருத்தி விற்றார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் வெள்ளமாய் வந்தன. உள்நாட்டுக் காரைக் காத்த வேலி அகன்றால் என்ன ஆகும் என்பதை இந்தியாவுக்கு முன்பே இலங்கை பார்த்துவிட்டது.

ஸ்டாண்டர்ட் 2000

1980களில் நிறுவனம் மீண்டும் கார் செய்யத் தீர்மானித்தது. தேர்ந்தது சாதாரண வண்டியை அல்ல. 1976இல் வெளியாகி அடுத்த ஆண்டின் ஐரோப்பியச் சிறந்த கார் விருதைப் பெற்ற ரோவர் எஸ்.டி.1. டேவிட் பாக்கின் தலைமையில் வரையப்பட்ட அதன் நீண்ட தாழ்ந்த முகத்தில் ஃபெராரி டேடோனாவின் சாயல் தெரியும். உள்ளே 3.5 லிட்டர் வி8 இயந்திரம், 155 குதிரைத்திறன். பிரித்தானியக் காவல்துறையினர் நெடுஞ்சாலைகளில் விரட்டப் பயன்படுத்திய வண்டி இது.

அந்த இயந்திரம் அமெரிக்காவில் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் பிரிவு 1961இல் கொண்டுவந்த அலுமினிய வி8 அது. 1963க்குப் பிறகு அங்கே கைவிடப்பட, அதன் உரிமையை 1965இல் ரோவர் வாங்கியது. அதே இயந்திரத்தை ஜெனரல் மோட்டார்ஸின் மற்றொரு பிரிவான பான்டியாக்கின் டெம்பஸ்ட் காரிலும் விருப்பத் தெரிவாகக் கொடுத்தார்கள். ஹெரால்டைப் போலவே ஊசலாடும் பின் அச்சோடு வந்த கார் இந்த டெம்பஸ்ட்! 1964இல் பான்டியாக் பொறியாளர்கள், ஜான் டிலோரியன் தலைமையில், சாதாரண நடுத்தர உடலுக்குள் 6.4 லிட்டர் வி8ஐ இறக்கி ஜி.டி.ஓ. என்று பெயரிட்டார்கள். அமெரிக்க இளைஞர்களின் வேகக் கனவுக்கு ஒரு முத்திரை கிடைத்தது. பின்னாளில் பான்டியாக் தனக்கென்ற இயந்திரத்தை இழந்து, தாய் நிறுவனத்தின் பொது வண்டிகளில் வேறு முகம் ஒட்டும் பெயராகத் தேய்ந்தது; 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை மூடப்போவதாக அறிவித்தது.

சென்னையில் நடந்தது ஜி.டி.ஓ.வின் நேர் தலைகீழ். அங்கே எளிய உடலுக்குப் பெரிய இயந்திரம் கிடைத்தது. இங்கே உலகம் மெச்சிய உடலுக்குக் கிழட்டு இயந்திரம். வி8 இந்தியாவின் பெட்ரோல் விலைக்கும் வரிக்கும் ஒத்துவராது என்பது உண்மை. ஆனால் அதற்குப் பதிலாக வைத்தது, நிறுவனத்திடம் அச்சும் கருவியும் இருந்த 1991 சி.சி. நான்கு சிலிண்டர் இயந்திரம். வான்கார்ட் காலத்துக் குடும்பம். அதே குடும்பம்தான் 1940களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டருக்கும் உயிர் கொடுத்தது. சுமார் 83 குதிரைத்திறன். அதாவது மூல வி8இன் பாதியைவிடச் சற்றே கூடுதல். இந்தியச் சாலைகளுக்காக வண்டியை உயர்த்தியதில், தாழ்ந்து பாயும் தோற்றமும் போயிற்று. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 விற்பனைக்கு வந்தது.

காலமும் பொருந்தவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் கிடைத்த அந்தச் சிறு வண்டி காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். மாதம் ஒருமுறை பணிமனைக்குப் போகாது. அதைப்போல் பல மடங்கு விலையுள்ள வண்டியிடம் வாங்குபவர் எதிர்பார்ப்பது பகட்டை மட்டுமல்ல. பெரிய கார் சந்தையிலும் போட்டி இருந்தது. பிரீமியர் 118 என்.இ. 1985இல் பழைய இத்தாலிய உடலுக்குள் நிஸ்ஸான் இயந்திரத்தோடு வந்தது. ஹிந்துஸ்தானின் கான்டெஸா சில ஆண்டுகளில் இசுசு இயந்திரத்துக்கு மாறிப் பிழைத்தது. இருவரும் பழைய தகட்டுக்குப் புது இதயம் தேடினார்கள். புதிய தகட்டுக்குப் பழைய இதயம் கொடுத்தது ஸ்டாண்டர்ட் மட்டுமே. நான்கு கதவு ஹெரால்டையும் கஸலின் அச்சையும் செய்த அதே தொழிற்சாலை, இடைப்பட்ட ஆண்டுகளில் கார் செய்யாமல் கைப்பழக்கத்தை இழந்திருந்ததே இந்தத் தவறின் வேர் என்று கொள்ளலாம்.

1988இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் மூடப்பட்டது. பெருங்களத்தூர், தாம்பரம் பகுதிகளில் அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் இன்றும் அதை ‘ஸ்டாண்டர்ட் கம்பெனி’ என்றே சொல்கின்றன. அதே ஜி.எஸ்.டி. சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே மறைமலைநகரில் அமெரிக்க ஃபோர்டு 1990களில் திரும்பி வந்து கார் செய்தது. 2021இல் இந்தியாவில் கார் உற்பத்தியை விடுவதாக அறிவித்தது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் வந்த ஹூண்டாய் நிலைத்தது.

மூடிய தொழிற்சாலையில் எஸ்.டி.1இன் தகடுகளும் கதவுகளும் உதிரிப் பாகங்களும் பயன்படாமல் குவிந்து கிடந்தன. இங்கிலாந்திலேயே 1986இல் அந்தக் கார் நின்றுபோயிருந்ததால், அங்கே பழைய ரோவரை ஓட்டியவர்களுக்குப் பாகம் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்தது. லிங்கன் நகரின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிப் பாக வணிகர்கள் சென்னைக் கையிருப்பை மொத்தமாக வாங்கினார்கள். பெட்டிகள் கப்பலேறித் திரும்பி, துருப்பிடித்த பல பிரித்தானிய ரோவர்களுக்குப் புதுக் கதவுகளாயின.