சிற்றாற்றுப் படிவுகள்
குற்றால மலையில் பிறந்து, தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு விட்டுச்சென்ற கல், மணல், வண்டல். பாறாங்கற்கள் பெரும்பாலும் மலையடியிலேயே தங்கிவிட, மணலும் வண்டலும் சமவெளிக்குப் போகின்றன. அடியில் உருண்ட கூழாங்கல், மேலே மணல், உச்சியில் களி என அடுக்கு அமைந்தால், அங்கே ஓடிய ஆறு விலகிப்போய், பிறகு வெள்ளம் மட்டுமே எட்டிப்பார்த்தது என்று பொருள். மணல் வரிகள் சாய்ந்திருக்கும் பக்கம் பழைய நீரோட்டத்தின் திசை. அம்மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வுக் கணிப்பு சொல்லும். ஆற்றுக்குத் தொலைவான வயலில் கிணறு வெட்டும்போது வழவழப்பான கூழாங்கல் கிடைத்தால், முன்பு அங்கே ஆறு ஓடியதற்கு அதுவும் நல்ல சான்றே. தாமிரபரணிக் கழிமுகத்தில் மாற்றம் இன்னும் வெளிப்படை: பாண்டியர் துறைமுகமான கொற்கை, வண்டல் சேர்ந்து கடல் விலகியதால், இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது.