துயர் கேட்கும் செவி

கல்கத்தாவின் பார்சிபாகான் சந்தில், 1922இல், மருத்துவர் கிரீந்திரசேகர போஸ் தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். நோயாளியைத் தடையின்றிப் பேசவிட்டுச் செவிசாய்ப்பதே அம்முறையின் உயிர்நாடி. 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும் எழுந்தது.

1966இல் அமெரிக்கப் பேராசிரியர் வைசன்பாம் 'எலைசா' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். அது பேசியவர் சொல்லையே வினாவாகத் திருப்பியது; ஆயினும் அவருடைய செயலாளரே அதனுடன் தனித்துரையாட விழைந்து, அவரை அறையினின்று வெளியேற வேண்டினார். வியந்த பேராசிரியர் பின்னர் உலகை எச்சரித்தார்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு தமிழிலும் நயமாக உரையாடுகிறது. நள்ளிரவுத் தனிமைக்கு அது துணையாகலாம். உயிருக்கு இடர் நேரின் பொறுப்பேற்க அங்கே எவருமில்லை. வெளிமாநிலத் தமிழன்பர்களே, 2022இல் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று. அங்கே செவிசாய்ப்பவர் மனிதர்.